உறை மாத்திரையும் புரட்டாசி மாசமும்

நாலு பேர் எதிரில் வாய் திறக்கவே கூசுகிறவள் நான். படிப்பு பத்தாவதோடு நின்றது. வியாதியைப் பற்றி எழுத உனக்கென்ன தகுதி என்று கேட்டால் பதில் இல்லை. பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆந்திர எல்லையில் நகரியில் எங்களுக்குச் சொந்தமாகப் பவர்லூம் உண்டு. என் வீட்டுக்காரருக்குச் சில வருஷமாகக் கைநடுக்க வியாதி. வேளைக்கு மாத்திரை போட்டால் தறியில் அறுந்த இழையை முடிவார். தவறினால் சட்டைப் பொத்தான்கூடப் போட வராது.

போன புரட்டாசியில் அவருடைய அக்கா வந்து தங்கினார். மாத்திரைகளில் ஒன்று உறை போட்ட கேப்சூல். அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“டேய், இந்த உறை மாட்டெலும்புல செய்றதுடா. ஃபோன்ல வந்துது. சாமி மாசத்துல இத்தையா துன்னுக்கினு கீற?”

“நிறுத்தவே கூடாதுன்னு டாக்டர் சொன்னாரு அண்ணி” என்றேன்.

“ஒங்க டாக்டர் கவுச்சி துன்றவரு. அவருக்கு இன்னா தெரியும்?”

உறை மாத்திரையோடு விட்டிருக்கலாம். ஒன்று தீட்டென்றால் எல்லாம் தீட்டு என்று இவர் டப்பாவையே அக்காவிடம் கொடுத்துவிட்டார். மாசம் முடிந்ததும் தருவதாக அவர் தன் பைக்குள் வைத்துக்கொண்டார்.

அந்த வாரமே இவர் உடம்பு பலகையாக விறைத்தது. அனலாகக் கொதித்தது. வேர்வையில் பாய் நனைந்தது. பேச்சு குழறியது. தெருமுனை டாக்டர் விஷ ஜுரம் என்று ஊசி போட்டார். மாத்திரை நிறுத்தியதைச் சொன்னேன்.

“ஜுரத்துக்கும் நடுக்கத்துக்கும் இன்னாம்மா சம்பந்தம்?” என்று அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

இவருக்குக் கண் சொருகியதும் கார் பிடித்துத் திருப்பதி ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். அங்கே டாக்டரம்மா மடங்காத கையை மடக்கிப் பார்த்தார். தினமும் போடுகிற மாத்திரையை நிறுத்தினீர்களா என்று தெலுங்கில் கேட்டார். அதுதான் முதல் கேள்வி. ஆமாம் என்றேன். பழகின மருந்து சட்டென்று நின்றால் இப்படித்தான் விறைத்துக் கொதிக்கும், உயிரே போகலாம், எந்த மாத்திரை, எவ்வளவு பவர் என்றார்.

டப்பாவைப் பார்த்தால்தான் தெரியும். கூட வந்த அக்கா வராண்டாவில் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார்.

“சாமி சோதிக்கிறாரும்மே. அழாத.”

“டப்பாவக் குடுங்க அண்ணி.”

“என்னியே அதட்டுறியா? ஊமைன்னு இல்ல நெனச்சேன்!”

“குடுங்க.”

கை படாமல் முந்தானையால் பிடித்து நீட்டினார்.

அதைப் பார்த்து அதே மாத்திரைகளைக் கரைத்து மூக்குக் குழாயில் விட்டார்கள். சலைன் ஏற்றினார்கள். ஈரத்துணியால் உடம்பைக் குளிர வைத்தார்கள். கிட்னி கெட்டுவிடக்கூடாது என்று சிறுநீரின் நிறத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள்.

மறுநாள் ஜுரம் குறைந்தது. கை கொஞ்சம் மடங்கியது. ஆனால் அவருக்கு என்னை அடையாளம் தெரியவில்லை.