இலையில் வைத்த பித்தளை மூடி

நானும் பாயும் கூட்டாகப் படகு வாங்கிய செய்தி பரவியதும் தாராவியில் சிரிக்காத ஆள் இல்லை. மழைக்காலத்தில் கிங்ஸ் சர்க்கிளில் ஓட்டவா என்று கேட்டார்கள். வருஷா வருஷம் அங்கே முழங்காலுக்கு மேல் தண்ணீர் நிற்பதால் கேள்வியில் நியாயம் இருந்தது. எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. கேலியைப் பொறுத்துக்கொள்ளும் சுபாவம் எனக்குப் பிறவியிலேயே கிடையாது.

நான் இன்ஜின் மெக்கானிக். பாய் கார் சீட்டு தைப்பவர். இரண்டு பேருக்கும் பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம். அடுத்தடுத்த கடையாக இருந்தோம். கலவரத்தில் ஊரே இரண்டாகக் கிடந்து, தெரிந்தவர்கள்கூட முகம் பார்க்காமல் போன ஒரு கெட்ட காலம் உண்டு. அது ஓய்ந்ததும் ஒரு நாள் பாய் வந்து, நடுவில் இருந்த தகரத் தடுப்பைக் கழற்றிவிடலாமா என்று கேட்டார். கழற்றினோம். அன்றிலிருந்து ஒரே பட்டறை. வண்டி வந்தால் அடியில் நான், உள்ளே அவர். முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது.

என் மகனுக்கும் அவர் மகனுக்கும் ஒரே ஒரு விஷயத்தில்தான் ஒற்றுமை. பட்டறையைப் பிரித்துவிட வேண்டும். தாராவியை இடித்துக் கட்டப் போகிறார்கள், வாசல் வாசலாக நம்பர் எழுதிக்கொண்டு போகிறார்கள், கூட்டு இடம் என்றால் பின்னால் தகராறு என்பது அவர்கள் கட்சி. தப்பு என்று சொல்ல மாட்டேன். ஆனால் பட்டறையின் நடுவில் மறுபடியும் தகரம் அடிப்பதில் எனக்குச் சம்மதமில்லை. படகுப் பேச்சு வந்தபோது இரண்டு பையன்களும் சேர்ந்து வந்து நிபந்தனை போட்டார்கள். இது விளங்கினால் கூட்டு தொடரட்டும், விளங்காவிட்டால் தகரம். பாய் தலையாட்டினார். வேறு வழியில்லாமல் நானும் ஆட்டினேன்.

படகு பன்வேலுக்கு அப்பால் ஒரு ஏரிக்கரைக் கொட்டகையில் கிடந்தது. காலில் பலகை கட்டிக்கொண்டு தண்ணீர்மேல் சறுக்குகிறவர்களைக் கயிற்றில் இழுத்துப் போவதற்கென்றே செய்த படகு. அதை வைத்திருந்த கிளப்பை மூடிவிட்டார்கள். கரையில் ஹோட்டல் நடத்துகிறவர், சனி ஞாயிறுகளில் ஆள் வருகிறது, படகு இருந்தால் நீங்களே ஓட்டலாம் என்றார். நான் இன்ஜின் பெட்டியைத் திறந்து பார்த்தேன். சுத்தமான கார் இன்ஜின், எட்டு சிலிண்டர். பாய் சீட்டைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். ரெக்ஸின் வெடித்திருந்தாலும் அடித்தையல் யாரோ கை தேர்ந்தவன் போட்டது என்றார். ஆளுக்கொரு இடத்தைப் பார்த்து மயங்கினோம். காலுக்குக் கீழே இருந்த தரையை இரண்டு பேருமே பார்க்கவில்லை.

தரை முழுக்க உளுத்திருந்தது. செம்பூரில் தெரிந்த லாரிக்காரரின் யார்டில் படகை நிறுத்தி விரிப்பைக் கிழித்தபோது அடிப்பலகை ஈரக் கேக்காக விரலோடு வந்தது. நான் ஹோட்டல்காரனையும் கிளப்பையும் அந்தக் கிளப்பைக் கட்டினவனையும் வாய் ஓயும்வரை திட்டினேன். பிறகு இருவரும் உட்கார்ந்து சுரண்ட ஆரம்பித்தோம். பழைய பலகையை எடுத்து, புதிது வைத்து, தண்ணீர்த் தொட்டி செய்கிற ஃபைபர்க்காரரைக் கூப்பிட்டுப் பூசவைத்தோம். தண்ணீருக்கடியில் சுழன்று படகைத் தள்ளுகிற விசிறி நெளிந்திருந்ததைத் தாராவியிலேயே பித்தளைப் பட்டறையில் தட்டி நேராக்கினேன். விசிறியைச் சுற்றுகிற தண்டு படகின் அடிவயிற்றைத் துளைத்து வெளியே போகிற இடத்தில் தண்ணீர் சொட்டுச் சொட்டாக விழும். விழத்தான் வேண்டும், இறுக்கி நிறுத்தினால் தண்டு சூடாகிவிடும். ஒழுகுகிற ஒன்றை ஒழுகவிட வேண்டும் என்பதைப் பாய்க்குப் புரியவைக்க எனக்கு ஒரு வாரம் பிடித்தது.

வேலையை அப்போதே பிரித்துக்கொண்டோம். இன்ஜின் என்னுடையது. உடம்பு அவருடையது. படகின் வால் பக்கத்தில், கீழே, கட்டைவிரல் நுழைகிற ஓட்டை ஒன்று உண்டு. அதற்குத் திருகுகிற பித்தளை மூடி. படகு கரையில் நிற்கும்போதெல்லாம் மூடியைக் கழற்றிவிட்டால் உள்ளே சொட்டிய தண்ணீரும் மழையும் தானாக ஓடிவிடும். தண்ணீரில் இறக்குமுன் மறக்காமல் திருகிவிட வேண்டும். அந்த மூடியும் பாய் பொறுப்பு. முதல் வருஷம் முழுக்க அவர் ஒரு தடவையும் மறந்ததில்லை.

அந்த முதல் வருஷம் நன்றாகவே போனது. ஸ்டியரிங்கில் பாய்தான் உட்காருவார். நான் உட்கார்ந்தால் கயிற்றில் தொங்குகிறவனை ஏரிக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய்ப் போட்டுவிடுவேன் என்று என் மனைவியே சொன்னாள். அவருக்கு நீச்சல் தெரியாது. ஆனால் மிதவைச் சட்டை போடாமல் படகில் கால் வைக்கமாட்டார். விழுந்து விழுந்து எழுகிறவர்கள் ஒரு கட்டத்தில் தண்ணீர்மேல் நிமிர்ந்து நின்றுவிடுவார்கள். அப்போது பாய் திரும்பிக் கரையில் இருக்கிற என்னைப் பார்ப்பார். பையன்களும் தகரப் பேச்சை விட்டிருந்தார்கள்.

மழைக்குப் படகை மறுபடி செம்பூர் யார்டுக்குக் கொண்டுவந்து, தார்ப்பாய் போட்டு, மூடியைக் கழற்றிப் பட்டறை அலமாரியில் வைத்தோம். மழை போய் ஆயுத பூஜை வந்தது.

எங்கள் பட்டறையில் அது பெரிய நாள். சாமான்களை மண்ணெண்ணெயில் கழுவி, வாழை இலையில் அடுக்கி, சந்தனம் குங்குமம் வைப்போம். பாயின் தையல் மெஷினுக்கும் மாலை உண்டு. அவரே பூ வாங்கி வருவார். பூஜை நேரத்துக்கு மட்டும் வாசலுக்குப் போய் நின்றுகொண்டு, முடிந்ததும் உள்ளே வந்து பொரிகடலை அள்ளுவார். இந்த வருஷம் என் மனைவி, படகும் சோறு போட்டதல்லவா, அதற்கு ஏன் பூஜை இல்லை என்றாள். தாராவிச் சந்துக்குள் படகு வராது. அதன் சார்பில் ஏதாவது வைக்க வேண்டும். அலமாரியில் இருந்த மூடியை நான் எடுத்துப் புளி போட்டுத் துலக்கி, ஸ்பேனர்களுக்கு நடுவில் இலையில் வைத்தேன். பொட்டு வைத்ததும் அழகாக இருந்தது. பூஜையில் வைத்ததை மறுநாள்வரை எடுக்கக் கூடாது என்பது முறை.

மறுநாள் விஜயதசமி. எதையும் தொடங்க நல்ல நாள் என்று அன்றைக்கே படகை இறக்குவதாக முடிவு செய்திருந்தோம். காலையில் நான் படகின் டிரெய்லரை இழுக்க ஒரு ஜீப்போடு நேராகச் செம்பூர் போய்விட்டேன். பாய்க்குப் போன் போட்டு, பட்டறையில் இருக்கிற படகுச் சாமான் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு வரச் சொன்னேன். மிதவைச் சட்டை, கயிறு, பெட்ரோல் கேன், எல்லாம் கொண்டுவந்தார்.

ஏரிக்கரையில் டிரெய்லர்ச் சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்தேன். குங்குமக் கிண்ணத்தோடு வால் பக்கம் குனிந்து பொட்டு வைத்தேன். பாய் வழக்கம்போல மரியாதைக்காக முகத்தைத் திருப்பிக்கொண்டு தண்ணீரைப் பார்த்தபடி நின்றார். பழம் நசுங்க, படகு இறங்கியது. அவர் ஏறிக் கிளப்பினார். இன்ஜின் சத்தம் எனக்குத் திருப்தியாக இருந்தது.

ஓடுகிறவரை ஒன்றும் தெரியவில்லை. ஓட்டத்தில் தண்ணீர் உள்ளே வராது. ஏரி நடுவில் நிறுத்தி, என்னைப் பார்த்துக் கையை ஆட்டினார். நானும் ஆட்டினேன். அவர் கை நிற்கவே இல்லை. படகின் வால் இறங்கி மூக்கு தூக்குவதைப் பார்த்த பிறகுதான் அது கூப்பிடுகிற கை என்று புரிந்தது. நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று இன்றைக்கும் தெரியாது. எட்டு சிலிண்டரின் கனமும் சேர்ந்து இழுக்க, படகு பின்பக்கமாகவே உள்ளே போனது. ஆரஞ்சு நிறச் சட்டை மட்டும் மிதந்தது. லாரி ட்யூபில் உட்கார்ந்து மீன் பிடித்துக்கொண்டிருந்த ஒருவர் கையாலேயே துழாவிக்கொண்டு போய் அவரைப் பிடித்தார்.

கரையில் உட்கார்ந்து பாய் நடுங்கினார். பல்லோடு பல் மோதச் சொன்ன முதல் வார்த்தை:

"மூடி போட்டியளா அண்ணாச்சி?"

"நானா? நீருல்லாவே போடணும்! சாமான் எல்லாத்தையும் எடுத்துட்டு வாரும்னேன்லா?"

"அது எலையில இருந்துச்சே."

"இருந்தா என்ன?"

"சாமி முன்னால வச்சத நான் எப்படி எடுப்பேன்? நீங்க எடுத்திருப்பியன்னு நெனச்சேன். பின்னால குனிஞ்சியளே. பூச பண்ணி மாட்டுதியன்னு நெனச்சேன்."

பாயின் மகன் வந்து அவரைக் கூட்டிக்கொண்டு போனான். ஊர்க்காரர்கள் கயிறு கட்டி, டிராக்டரால் படகை இழுத்துப் போட்டார்கள். தண்ணீர் குடித்த இன்ஜினை அப்படியே விட்டால் உள்ளே துரு பிடித்துவிடும் என்பதால், அங்கேயே தண்ணீரை வெளியேற்றி எண்ணெய் ஊற்றி, செம்பூருக்குக் கொண்டுவந்து, இன்ஜினை மட்டும் இறக்கிப் பட்டறையில் வைத்தேன்.

பாய்க்குக் காய்ச்சல் என்றார்கள். நான் போகவில்லை. அவரும் போன் போடவில்லை. நட்டத்தைவிட, 'நான் எப்படி எடுப்பேன்' என்ற அந்த ஒரு வார்த்தைதான் என்னைத் தின்றது. என் கல்லாச் சாவி அவர் பெட்டியில் இருக்கிறது. அவர் மகள் கல்யாணத்தில் வாசலில் நின்று வரவேற்றது நான். அப்படிப்பட்டவருக்கு ஒரு வாழை இலையில் இருந்த பித்தளையை எடுக்க என் உத்தரவு வேண்டியிருந்திருக்கிறது. எனக்குக் கோபம் வந்தது. யார்மேல் என்று தெரியாததால் அது தணியவும் இல்லை. என் மகன் கூடவே நின்று, "போதும்ப்பா, பேசுனது பேசுனபடி செஞ்சிருவோம், ரெண்டு பேருக்கும் மரியாதையா போகட்டும்" என்றான். தகரக் கடையில் விலை கேட்டுவிட்டும் வந்திருந்தான். நான் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு இன்ஜினைப் பிரிக்க உட்கார்ந்தேன்.

இன்ஜினைப் பாதி பிரித்திருந்தபோது பாய் வந்தார். காதைச் சுற்றி மப்ளர். கண் சிவந்திருந்தது. பின்னாலேயே அவர் மகன். நான் எழுந்திருக்கவில்லை.

"நீரு ஏன்வே எடுக்கல?" என்றேன். நலமா என்றுகூடக் கேட்காமல் அதைத்தான் கேட்டேன்.

"நீங்க ஏன் எடுன்னு சொல்லல?" என்று கத்தினார். அவர் கத்தி நான் கேட்டதே இல்லை. "முப்பது வருசமா வாசல்ல போயி நிக்கேனே, ஏன் நிக்கேருன்னு ஒரு வார்த்த கேட்டியளா?"

"நீரு போயி நின்னா நான் என்ன செய்ய? கையப் புடிச்சா இழுப்பேன்? உமக்குப் பிடிக்காதோன்னு விட்டேன்!"

"நானும் அதாம் விட்டேன்! நோம்புக்கு எங்க வீட்டுல கஞ்சி குடிக்கியல்லா? என்னைக்காவது பானையில நீங்களா ஒரு அகப்ப மோந்திருக்கியளா? கிண்ணத்தப் புடிச்சிக்கிட்டு, எம் பொண்டாட்டி ஊத்துத வரைக்கும் விருந்தாளியாட்டம்லா இருப்பிய!"

அவர் சொன்னது நிஜம். அதனால் இன்னும் உரக்கக் கத்தினேன். சந்தில் கூட்டம் சேர்ந்துவிட்டது. யாரும் சிரிக்கவில்லை. இந்தப் பக்கத்து ஆள் ஒருவனும் அந்தப் பக்கத்து ஆள் ஒருவனும் கத்திக்கொள்கிறார்கள் என்றால் தாராவியில் அந்தக் கெட்ட காலத்தைப் பார்த்த பழைய ஆட்களுக்கு முகம் வெளுத்துவிடும். ஷட்டரை இறக்குகிற சத்தம்கூடக் கேட்டது. என் மகன் என் தோளைப் பிடித்தான். அவர் மகன் அவரைப் பின்னால் இழுத்தான்.

"வாப்பா, வாங்க, போவோம். இதுக்குத்தான் அப்பவே பிரிச்சிருங்கன்னு சொன்னோம்" என்றான்.

பாய் அவன் கையை உதறினார்.

"பிரியணும்னா சலாம் சொல்லிட்டுப் போயிருப்பேன்ல. சண்ட போடத்தாம்ல வந்திருக்கேன்."

பதிலுக்குக் கத்துவதற்காக நான் வாயைத் திறந்தேன். அழுகைதான் வந்தது.