நாய்க்கு மட்டும் இங்கிலீஷ்

அன்றைக்குக் கடையில் இருந்தவர்கள்: நான், நாங்கள் அக்கா என்று கூப்பிடும் முதலாளியம்மா, பூனைகளை மட்டும் குளிப்பாட்டும் மலாய்க்காரப் பெண், எனக்குப் பரீட்சை வைக்க சிங்கப்பூரிலிருந்து வந்த சீன அம்மா, பரீட்சைக்கென்று பக்கத்துச் சாப்பாட்டுக் கடையில் இரவல் வாங்கிய வெள்ளைப் பூடல் நாய். கூண்டில் ஒரு பூனையும் இருந்தது. அதை யாரும் கூப்பிடவில்லை. ஆனால் கடைசிவரை கண் கொட்டாமல் பார்த்தது அதுதான்.

எங்களுடையது மலேசியாவில், யோங் பெங் ஊரில், நாய் பூனைகளைக் குளிப்பாட்டி, முடியும் நகமும் வெட்டி அனுப்புகிற கடை. முன்பெல்லாம் ஒழுங்கு, முறை என்று பெரிதாக ஒன்றும் இல்லை. எல்லா நாய்க்கும் ஒரே சீப்பு. முடி சிக்குப் பிடித்திருந்தால் வீட்டுக்காரரைக் கேட்காமலே மொட்டை. அப்புறம் ஒரு வாடிக்கையாளர், தன் நாய் காதில் கீறலோடு வீடு திரும்பியதைப் படம் எடுத்து பேஸ்புக்கில் போட்டுவிட்டார். கீறியது எனக்குப் பக்கத்து மேசையில் வேலை செய்து, பிறகு வேலையை விட்டு நின்றுபோனவர். ஆனாலும் ஒரு வாரம் சோறு இறங்காமல் கிடந்தது நான்.

அக்கா அப்போது எடுத்த முடிவுதான் இந்தப் பரீட்சை. சர்டிபிகேட் இல்லாத கை இனிமேல் கத்தரிக்கோலைத் தொடக்கூடாது, குளிப்பாட்டுவதும் கூண்டு கழுவுவதும்தான் என்று சொல்லிவிட்டார். கட்டணம் முந்நூற்றைம்பது ரிங்கிட்டை நான் கட்ட வேண்டும், பாஸானால் கடை திருப்பித் தரும். எனக்குக் கட்டணம்கூடப் பெரிதில்லை. மூணாம் பாரத்தோடு பள்ளிக்கூடத்தை விட்டவளுக்கு, கையில் இருந்த ஒரே வித்தை அந்தக் கத்தரிக்கோல். அதையும் பிடுங்கிக்கொண்டால் நான் வெறும் வாளிக்காரி.

காலையிலிருந்து நான் பட்ட பாடு அக்காவுக்கு நல்ல பொழுதுபோக்கு. நாயைக் கட்டும் மேசைக் கயிற்றின் கொக்கியை இழுத்து இழுத்துப் பார்த்தேன். நடுவில் கரண்டு போனால்? நாய்க்கு மயக்கம் வந்தால்? பூனைக்காரப் பெண் மலாயில் ஆறுதல் சொன்னாள்: கூரையே இடிந்து விழுந்தாலும் பரீட்சையைத் தள்ளித்தான் வைப்பார்கள், ஃபெயிலாக்க மாட்டார்கள் என்று. அதற்குப் பிறகு கூரையையும் அடிக்கடி பார்க்க வேண்டியதாகிவிட்டது.

வெட்டுவது ஒழுங்காகத்தான் போனது. ஒரே ஒரு தடவை, பழக்க தோஷத்தில் சீப்பை ஏப்ரனில் துடைத்தேன். அந்த அம்மா உடனே ஏதோ குறித்துக்கொண்டார். மருந்துத் தண்ணீரில் முக்காத சீப்பு அடுத்த நாய்க்கு நோய் கொண்டுபோகும், தெரிந்த விஷயம்தான். தெரிந்தே துடைத்தேன் என்பதுதான் வெட்கம்.

அப்புறம் வாய்க் கேள்வி. அவருக்கு மலாய் வராது, தமிழ் சுத்தமாகத் தெரியாது. எனக்கு இங்கிலீஷ் கேட்டால் புரியும், மனுஷரைப் பார்த்து வாயைத் திறந்தால் ஒரு சொல் வராது. முடிச் சிக்குக்கு அடியில் தோல் சிவந்திருந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டார். நான் அக்காவிடம் தமிழில் நாலு வார்த்தை சொன்னேன். அக்கா அதை இங்கிலீஷில் ஒரு பிரசங்கமாக்கினார். பரீட்சை யாருக்கு என்று அந்த அம்மா சந்தேகமாகக் கேட்டார். நாயின் வீட்டுக்காரருக்கு நிலைமையை விளக்கத் தெரிவதும் இந்தத் தொழிலின் ஒரு பகுதி, அதனால் நானேதான் சொல்ல வேண்டுமாம்.

நான் திரும்பி அக்காவைப் பார்த்தேன். அக்கா என் காதருகே வந்து சொன்னார்:

"என்னையும் பார்க்காதே, அவங்களையும் பார்க்காதே. நாய்கிட்ட சொல்லு லா."

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் பல தமிழ்க் குடும்பங்களில் வீட்டுக்குள் எல்லாருக்கும் தமிழ், நாய்க்கு மட்டும் இங்கிலீஷ். புருஷனுக்கு "சாப்பிட வாங்க", நாய்க்கு "கம், ஈட்". ஏன் என்று யாருக்கும் தெரியாது. நானும் அப்படித்தான். வேலை செய்யும்போது நாய்களிடம் நாள் பூராவும் இங்கிலீஷில்தான் பேசிக்கொண்டிருப்பேன். அவை என் இலக்கணத்தைத் திருத்தியதே இல்லை.

பூடல் பக்கம் திரும்பினேன். ஆண் நாயெல்லாம் எனக்கு 'பாய்', நான் அவற்றுக்கு 'ஆன்ட்டி'. "பாய், லிஸன். யுவர் ஸ்கின் ரெட். ஆன்ட்டி ஸ்டாப். நோ கட். ஆன்ட்டி கால் யுவர் மம்மி ஃபர்ஸ்ட், ஷீ சே ஓக்கே, தென் கட். நாட் ஓக்கே, யூ கோ டாக்டர்."

அந்த அம்மா பேனாவை நிறுத்தினார். தண்ணீர்ச் சூட்டை எப்படிப் பார்ப்பீர்கள் என்று, என்னிடம் இல்லை, பூடலிடம் கேட்டார். ஆன்ட்டி முதலில் தன் கையில் ஊற்றிப் பார்ப்பாள் என்று பூடலுக்கு விளக்கினேன். நாய் நடுங்கினால்? வேலையை நிறுத்திவிடுவேன், அவசரமே இல்லை பாய். அப்படியே எல்லாக் கேள்வியும் நாய் வழியாகப் போய், நாய் வழியாகத் திரும்பி வந்தது. பூடல் மட்டும் சலித்துப்போய்க் கொட்டாவி விட்டது.

கடைசியில் அவர் எழுந்து, சீப்புக்கு மார்க் போய்விட்டது, ஆனாலும் பாஸ் என்றார். வாய் இன்னும் நாயிடமிருந்து திரும்பி வரவில்லை. அவர் முகத்தைப் பார்த்து, மனசார, "குட் கேர்ள்" என்றேன்.

பூனைக்காரப் பெண் கூண்டுக்குப் பின்னால் உட்கார்ந்துவிட்டாள். அக்கா துண்டால் வாயை மூடிக்கொண்டார். எனக்கு சர்டிபிகேட் பறந்துபோவது கண்ணெதிரே தெரிந்தது. அந்த அம்மா பேனாவை மறுபடி எடுத்தார். "தேங்க் யூ, ஆன்ட்டி" என்று சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

இப்போது சர்டிபிகேட் கல்லாவுக்கு மேலே தொங்குகிறது. சீப்புகள் மருந்துத் தண்ணீரில் கிடக்கின்றன. கத்தரிக்கோல் என் கையில். கட்டணத்தில் அக்கா நூறு ரிங்கிட் கொடுத்துவிட்டார். மீதியைக் கேட்டால், பாஸானது நாய்தானே, அதுக்கிட்ட கொடுத்துடறேன் என்கிறார். மறுபடி கேட்டால், என் தலையைத் தட்டி, "குட் கேர்ள், வெயிட்."

இன்றைய தேதிக்கு வரவேண்டியது இருநூற்றைம்பது ரிங்கிட்.