அந்தக் கண்ணாடியை உடைத்தது ஏழுமலை அல்ல

2004 பிப்ரவரி 9, திங்கட்கிழமை, காலை ஆறு மணி பத்து நிமிடம். திருவண்ணாமலை செங்கம் சாலையில் எங்கள் கார் ஸ்டாண்டில் வண்டிகள் எட்டு, டிரைவர்கள் ஏழு. எட்டாவது ஆள் ஏழுமலை. எல்லோருக்கும் முன்னால் வந்துவிடுகிறவரை இன்னும் காணோமே என்று எரிச்சலாக இருந்தேன். அப்போது கீழ்பென்னாத்தூரிலிருந்து அவர் மைத்துனர் போன் செய்தார். விடியற்காலையில் நெஞ்சுவலி. ஆஸ்பத்திரிக்குக் கிளம்புவதற்குள் முடிந்துவிட்டது. வயது முப்பத்தெட்டு.

போனை வைத்துவிட்டு எல்லோரிடமும் சொன்னேன். பிறகு ஒருவர், யாரென்று எழுதமாட்டேன், "அவன் ராசி அப்படி" என்றார். மற்றவர்கள் தலையாட்டினார்கள். நானும் சும்மா நின்றேன்.

டிரைவர் சங்கத்திலிருந்து நீங்கள், பதினாறாம் நாளுக்கு அச்சடிக்கும் நினைவுத் தாளில் நாலு வரி எழுதித் தரும்படி கேட்டிருக்கிறீர்கள். ஸ்டாண்டில் நான்தான் படித்தவனாம். நாலு வரியில் முடியாது. முழுவதையும் போடுங்கள்.

1998 தை மாதம். மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்த நான், வண்டிகளைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் சேர்ந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. ஓனர் புது அம்பாசிடர் ஒன்றை எடுத்திருந்தார். ஆசிரமம் பக்கம் தங்கியிருந்த ஒரு பிரெஞ்சுத் தம்பதியை ஊட்டிக்குக் கூட்டிப்போய், மறுநாள் மதியத்துக்குள் கோயம்புத்தூர் விமான நிலையத்தில் விடவேண்டும். அந்த வண்டிக்கு அதுதான் முதல் சவாரி. ஓட்டியவர் ஏழுமலை. புது எஞ்சின் மலை ஏறுகிறதே என்று ஓனர் என்னையும் கூட அனுப்பினார்.

மறுநாள் காலை லாட்ஜை விட்டு வெளியே வந்தால், முன் கண்ணாடி சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி இருந்தது. உறைபனி. இருவரும் உள்ளே ஏறினோம். முன்னாலும் தெரியவில்லை, பக்கத்திலும் தெரியவில்லை. எங்களை டப்பாவில் போட்டு மூடியது போல இருந்தது. வைப்பரைப் போட்டேன். பிளேடு கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டு அசையவில்லை, மோட்டார் மட்டும் முனகியது.

"நிறுத்துப்பா, ரப்பர் கிழிஞ்சிரும்" என்றார் ஏழுமலை. "நேத்து சாயங்காலமே கண்ணாடி மேல சாக்கு போட்டிருக்கணும். மறந்துட்டேன். ஏன் டிப்ளமோ சார், ஐஸுக்கு உங்க புக்குல இன்னா மருந்து போட்டுருக்கு?"

எனக்குக் கோபம் வந்தது. "மணி ஏழாகப் போகுதுண்ணே. பிளேன் நிக்காது."

"கால் மணி நேரம்தான். கல்லுப்பு கரைச்சு துணியில தேச்சா இளகிடும். எஞ்சினை ஓடவுட்டுட்டு உக்காரு. எதையும் தொடாதே."

உப்பு கேட்டு டீக்கடைக்குப் போனார். நான் ஐந்து நிமிடம் பொறுத்தேன். அவ்வளவுதான் என்னால் முடிந்தது. லாட்ஜ் சமையலறையிலிருந்து ஒரு வாளி சுடுதண்ணீரைத் தூக்கி வந்து கண்ணாடியில் ஊற்றினேன்.

டக்கென்று ஒரு சத்தம். இடது ஓரத்திலிருந்து வலது ஓரம் வரை, டிரைவரின் கண் மட்டத்தில், ஒரு கோடு. சூடு பட்ட இடம் விரியும், படாத இடம் விரியாது, நடுவில் கண்ணாடி தாங்காது. முதலாம் ஆண்டுப் பாடம். தேர்வில் இதே கேள்விக்கு முழு மதிப்பெண் வாங்கியவன் நான்.

ஏழுமலை உப்புப் பொட்டலத்தோடு வந்து நின்றார். கோட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மிச்சமிருந்த ஐஸை உப்புத் தண்ணீரால் நிதானமாகத் துடைத்து முடித்துவிட்டு, "ஏறு" என்றார்.

இறக்கம் முழுவதும் அவர் தலையைத் தாழ்த்தி, கோட்டுக்குக் கீழே பார்த்து ஓட்டினார். ஒவ்வொரு வளைவிலும் கோடு கிளை விட்டது. என் கண் கோட்டைவிட்டு நகரவில்லை. அதைக் கவனித்துவிட்டார். "கண்ணாடியைப் பாக்காதேப்பா. கண்ணாடிக்கு அந்தாண்ட ரோட்டைப் பாரு" என்றார். பின்னால் இருந்த தம்பதியை விமானத்துக்கு நேரத்தோடு சேர்த்துவிட்டார்.

திரும்பும்போது திருவண்ணாமலை எல்லையில் வண்டியை ஓரம் கட்டினார். "தண்ணி நான் ஊத்தினேன்னு சொல்லிக்கிறேன். நீ புதுசு, தொரத்திடுவாரு. என்னை ரெண்டு திட்டு திட்டிட்டு வுட்டுருவாரு."

சரி என்றேன். வேண்டாம் என்று ஒரு பேச்சுக்குக்கூடச் சொல்லவில்லை.

அவர் போட்ட கணக்கு தப்பிவிட்டது. ஓனர் திட்டவே இல்லை. வண்டியை ஒருமுறை சுற்றி வந்தார். "தை மாசம், புது வண்டி, மொத சவாரி. ராசி இல்லாத கைப்பா உன்னுது" என்றார். அதோடு சரி. கல்யாண சவாரி போயிற்று, மலைச் சவாரி போயிற்று. பஸ் ஸ்டாண்டு, லாட்ஜ், ஆசிரமம். ஆறு வருடம் இந்த மூன்றுக்குள்ளேயே ஓட்டினார். மலைச் சாலை என்றால் உயிரை விடும் மனுஷன், சவாரி என்று ஊர் எல்லையைத் தாண்டவில்லை. பெண் வீட்டார் முன்பதிவு செய்ய வந்தால், "அந்த டிரைவர் வேணாம்" என்று காதோடு சொல்வார்கள். உங்களுக்கு எல்லாம் தெரியும்.

முதல் வாரமே சொல்லியிருந்தால் ஒரு திட்டோடு போயிருக்கும். ஒரு வருடம் கழித்துச் சொன்னால், ஒரு வருடம் என்ன செய்தாய் என்பார்கள். இரண்டு வருடம் என்றால் இன்னும் மோசம். மரை தேய்ந்த போல்ட் சுற்றிக்கொண்டே இருக்கும், கழலாது. நான் அப்படித்தான் இருந்தேன்.

மூன்றாவது வருட ஆயுத பூஜையில் அவரவர் வண்டியை அவரவர் எலுமிச்சம்பழத்தின்மேல் ஏற்றினார்கள். ஏழுமலையின் முறை வந்தபோது ஓனர் சாவியை வாங்கி வேறொருவரிடம் கொடுத்தார். ஏழுமலை சிரித்தபடி ஒதுங்கி நின்றார். நான் பக்கத்தில் போய், "இன்னிக்கு சொல்லிடறேண்ணே" என்றேன்.

"இப்ப எதுக்கு? பூஜை நடக்குது" என்றார். கொஞ்சம் கழித்து, என் முகத்தைப் பார்க்காமல், "நீ சொல்லுவேன்னு நான் ஒரு மாசம் பாத்தேன்பா" என்றார்.

அதற்குப் பிறகும் நான் சொல்லவில்லை.

சாவு வீட்டில், உடலை எடுப்பதற்கு முன், அவர் மனைவி என்னிடம் வந்தார். "தம்பி, ஊட்டிக்கு நீங்களும்தானே போனீங்க? சுடுதண்ணி ஊத்தினா கண்ணாடி ஒடையும்னு அவருக்குத் தெரியாதா? கேட்டா சிரிச்சிடுவாரு. அன்னிக்கு இன்னாதான் ஆச்சு?" கூட்டம் அதிகமாக இருந்தது. "அப்புறம் சொல்றேங்க" என்றேன். அங்கேயும் தள்ளித்தான் போட்டேன்.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது தொழில் நுணுக்கம் ஒன்றும் இல்லை. அவர் எனக்காகக் காத்திருந்த அந்த ஒரு மாதம்தான். தினமும் காலையில் வண்டியைத் துடைத்துக்கொண்டே, இன்றைக்காவது சொல்வான் என்று என்னைப் பார்த்திருப்பார். நான் ஸ்பேனரோடு வண்டிக்கு அடியில் படுத்திருந்திருப்பேன். அதை வைத்துக்கொள்கிறேன்.

இனி செய்யப்போவது:

1. இந்தத் தாள் அச்சுக்குப் போகும் முன், இன்று மாலையே, கீழ்பென்னாத்தூர் போய் அவர் மனைவியிடம் சொல்வேன். ஆயுத பூஜையன்று அவர் சொன்னதையும் மறைக்கமாட்டேன்.

2. நாளைக் காலை ஏழு டிரைவர்களும் இருக்கும்போது ஓனரிடம் சொல்வேன். தனியாகக் கூப்பிட்டால் போகமாட்டேன்.

3. வேலையைவிட்டு அனுப்பினால் போவேன். இத்தனை வருடம் அவரை ஊருக்குள் அடைத்து வைத்தது யார் ராசி என்று கேட்டுவிட்டுத்தான் போவேன்.

4. அனுப்பாவிட்டால், அடுத்த கல்யாண சவாரிக்கு ஏழுமலையின் வண்டியை நான் ஓட்டுவேன். ஊட்டியில் கண்ணாடியை உடைத்தவன் நான்தான் என்று பெண் வீட்டாரிடம் முதலில் சொல்லிவிட்டு, அதன்பிறகு கதவைத் திறப்பேன்.