எட்டு சிலிண்டர் காரும் அவள் தலைவலியும்

பெட்ரோல் விலை ஏறியபோது, சேலத்தில் பெரிய அமெரிக்கக் கார் வைத்திருந்தவர்கள் ஒவ்வொருவராக விற்கத் தொடங்கினார்கள். எழுபதுகளின் நடுவில் அப்படி விலைக்கு வந்த ஒன்றை நான் வாங்கினேன். எட்டு சிலிண்டர். புதுச்சத்திரம் பக்கத்தில் நிலக்கடலையும் சோளமும் போடுகிறவனுக்கு இந்தக் கார் எதற்கு என்று கேட்காத ஆளில்லை. எதற்குமில்லை, ஆசைதான்.

எஞ்சினில் வலு இருந்தது. அது சக்கரத்துக்கு வந்து சேரவில்லை. கியர் கம்பி ஸ்டியரிங்கை ஒட்டி இருந்தது, மூன்றே கியர். மேடு ஏறும்போது இரண்டாவது கியர் தானாகக் கழன்றுகொள்ளும். எஞ்சினின் இரண்டு பக்கத்துப் புகையையும் ஒரே ஒல்லிக் குழாயில் விட்டிருந்ததால், வேகமெடுத்தால் வண்டிக்கு மூச்சு முட்டும். சேலத்தில் லாரி வேலை செய்யும் மெக்கானிக் ஒருவரிடம் கொண்டுபோனேன். அன்று ஞாயிற்றுக்கிழமை. மாதா கோயிலில் பூசை முடிந்து நேராக வந்தவர், வெள்ளைச் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு வண்டிக்கு அடியில் புகுந்தார்.

"ரெண்டு வேலை இருக்குங்க. ஜீப்பு கியர்பாக்ஸ் ஒண்ணு கைவசம் இருக்கு, நாலு கியர். அதை வெச்சா நல்லா இழுக்கும். இன்னொண்ணு சைலன்சர் வேலை. பக்கத்துக்கு ஒண்ணா ரெண்டு குழா போடணும். எதை மொதல்ல செய்யட்டும்?"

"நீங்க என்னங்கண்ணா சொல்றீங்க?"

"என்னைக் கேட்டா குழாதான். பழசு துருப்பிடிச்சுக் கெடக்கு."

"அது கெடக்கட்டுங்க. கியர்பாக்ஸை மாத்திருங்க" என்றேன். தரையிலிருந்து நிமிர்ந்து நிற்கும் கியர் கம்பியைப் பிடித்து ஓட்ட வேண்டும் என்று எனக்கு ஒரு வெறி.

பத்து நாளில் வண்டி வந்தது. தரைத் தகட்டை வெட்டி, கம்பியை மேலே எடுத்து, வெட்டிய இடத்துக்கு ஒரு தோல் உறை தைத்துப் போட்டிருந்தார். ராசிபுரம் சாலையில் மூன்றாவது கியரில் மிதித்தபோது முதுகு இருக்கையோடு ஒட்டிக்கொண்டது. தனியாக உட்கார்ந்து சிரித்தேன்.

என் மனைவிக்குத் தலைவலி ஆரம்பித்தது அந்த மாதம்தான். முதலில் வெயில் என்றோம். பிறகு பித்தம் என்றோம். சேலத்து டாக்டர் கண்ணாடி எழுதிக் கொடுத்தார். கண்ணாடி போட்டும் வலி போகவில்லை. குழந்தைகளை வீட்டில் விட்டுவிட்டு, அவளுடைய அக்காவைப் பார்க்க எடப்பாடி போனபோது நல்ல மழை. பின்சீட்டில் ஜன்னல் கண்ணாடியை ஏற்றிவிட்டு உட்கார்ந்திருந்தாள். சங்ககிரி தாண்டியதும் ஏதோ கேட்டேன், பதில் இல்லை. திரும்பிப் பார்த்தால் கதவில் சாய்ந்து கிடந்தாள். வண்டியை நிறுத்தி, மழையிலேயே வெளியே தூக்கி வந்தேன். புளியமரத்தடியில் கொஞ்ச நேரத்தில் கண் விழித்தாள்.

"எனக்கு என்னமோ ஆகுதுங்க" என்றாள். "குழந்தைகளை எங்கக்கா கிட்ட உட்டுருங்க."

மறுநாளே அவளைச் சேலத்துக்குக் கூட்டிப்போனேன். டாக்டர் இந்த முறை கண்ணாடி எதுவும் எழுதவில்லை. சென்னைக்குக் கூட்டிப்போய் மூளை நரம்பு டாக்டரிடம் காட்டச் சொன்னார். அவ்வளவு தூரம் போவதற்கு முன் வண்டியைச் சரிபார்த்துக்கொள்ளலாம் என்று மெக்கானிக்கிடம் போனேன். எண்ணெய் மாற்றிக்கொண்டிருந்தவரிடம், ஏன் போகிறோம் என்பதையும் சொன்னேன். அவர் கையை நிறுத்தினார்.

"தலைவலி ஊட்டுல இருக்கும்போது வருதுங்களா, வண்டியில வரும்போதா?"

யோசித்தேன். நான் அதுவரை அப்படி யோசித்ததே இல்லை. "வண்டியில போய்ட்டு வந்தாத்தானுங்க."

"உங்களுக்கு?"

"எனக்கு ஒண்ணுமில்லீங்க. நான் எப்பவும் கண்ணாடியை எறக்கி உட்டு, கையை வெளிய வெச்சுத்தான் ஓட்டுவேன். மழையானாலும் அப்படித்தான்."

அவர் கியர் கம்பியின் தோல் உறையைத் தூக்கினார். உள்பக்கம் முழுக்கக் கரி. "மாதாவே" என்று சொல்லிவிட்டு அடியில் புகுந்தார். வெளியே வரும்போது முகம் வெளுத்திருந்தது. ஜீப் கியர்பாக்ஸ் பெரியது. அதற்கு இடம் விட, பழைய புகைக் குழாயை அவரே வளைத்துத் தள்ளியிருந்தார். துருப்பிடித்த குழாய் அந்த வளைவில் வெடித்திருந்தது. எஞ்சினின் விஷப் புகை தோல் உறை வழியே நேராகக் காருக்குள் ஏறியிருக்கிறது.

"என் தப்புங்க. குழாயை மாத்தாம இதை வெச்சிருக்கக் கூடாது."

"சொன்னீங்களே. நான்தானுங்க கேக்கலை."

அவர் மேல் கோபப்பட வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை. பட்டறை வாசலில் போய் உட்கார்ந்துகொண்டு அழுதேன். அவளுக்கு ஒன்றுமில்லை என்பது மட்டும்தான் தலைக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

பஸ் பிடித்து வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். "அப்ப எனக்கு ஒரு நோவும் இல்லீங்களா?" என்றாள். அப்புறம் வைய ஆரம்பித்தாள். கல்யாணமாகி அத்தனை வருஷத்தில் அப்படி வைததில்லை. கேட்கக் கேட்க எனக்கு நிம்மதியாக இருந்தது.

இரட்டைக் குழாய் போட, அவளும் பட்டறைக்கு வந்தாள். மெக்கானிக் இரண்டு சைலன்சரைக் காட்டினார். ஒன்று உறுமும், மற்றொன்று சத்தமில்லாதது. என்னைக் கேட்காமல் அவள் சத்தமில்லாததைத் தொட்டாள். "பொகை உள்ள வராம இருந்தாச் சரிங்கண்ணா" என்றாள். அவர் தகட்டு ஓட்டையைச் சுற்றி ரப்பர் வைத்து அடைத்தார். உள்ளே ஒரு விளக்கை ஏற்றி வைத்து, வெளிச்சம் எங்காவது கசிகிறதா என்று அடியிலிருந்து பார்த்த பிறகுதான் சாவியைக் கொடுத்தார்.

அடுத்த வாரம் ஓமலூரில் ஒரு கல்யாணம். அவளைப் பின்சீட்டில் விடாமல் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டேன். மைலுக்கு ஒருமுறை, "அம்மிணி, வலிக்குதா?" என்று கேட்டேன். சேலம் தாண்டியதும் பதில் நின்றுபோனது. பதறி ஓரங்கட்டி அவள் தோளைப் பிடித்து உலுக்கினேன்.

"ஏனுங்க, செத்த தூங்கக் கூட உடமாட்டீங்களா?" என்று சொல்லிவிட்டு, அந்தப் பக்கம் திரும்பிச் சாய்ந்துகொண்டாள்.

நான் மெதுவாக முதல் கியர் போட்டேன்.