நாடா அறுந்த வயர்

அந்த லிஃப்ட் மெக்கானிக்கை வேலையிடத்தில் எல்லோரும் ‘நிதானம்’ என்றுதான் கூப்பிடுவார்கள். ஒரு திருகாணியை முடுக்குவார். டீ குடித்துவிட்டு வந்து, அதையே இன்னொரு தரம் முடுக்கிப் பார்ப்பார். அவர் முடிப்பதற்குள் படியேறியே மொட்டை மாடிக்குப் போய்விடலாம் என்று கேலி பேசுவார்கள். அப்பேர்ப்பட்ட மனுஷன் ஒரு வாரமாக யாரைப் பார்த்தாலும் எரிந்து விழுந்தார்.

இத்தனைக்கும் பேரன் பிறந்த வாரம். சுண்டுவிரலைக் கொடுத்தால் அந்தப் பொடியன் விடாமல் பிடித்துக்கொள்வான். “ஸ்பானர் பிடி! இவன் எங்க ஆளு” என்று வார்டு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தவர்தான்.

எல்லாம் ஒரு வயரால் வந்த வினை.

கதவு மூடாமல் லிஃப்ட் நகராது. கதவைச் சோதிக்கும்போது மட்டும், மூடியிருப்பதாக அதை ஏமாற்றுவதற்கு, மேலே கண்ட்ரோல் பெட்டியில் ஒரு துண்டு வயரைச் செருகுவார்கள். வேலை முடிந்ததும் உருவிவிட வேண்டும். மறந்தால், கதவு திறந்தபடியே லிஃப்ட் கிளம்பிவிடும். அதனால் நிதானம் ஒரு வழக்கம் வைத்திருந்தார். வயரில் நீளமாகச் சிவப்பு நாடா கட்டி, மறுமுனையைக் கருவிப் பையின் காதில் முடிந்துவிடுவார். பையைத் தூக்கினால் வயரும் கூடவே வந்துவிடும். கூட வேலை பார்க்கிற எல்லோருக்கும் இதுதான் சட்டம். அவருடைய மாப்பிள்ளைக்கும்தான்.

மாப்பிள்ளையோ, காலில் சிக்குகிறது என்று நாடாவை வெட்டிவிட்டிருந்தான். அன்றைக்குப் பார்த்து மனைவிக்கு வலி எடுத்துவிட்டதாகப் போன் வர, பையைத் தூக்கிக்கொண்டு ஓடினான். வயர் பெட்டிக்குள்ளேயே நின்றுவிட்டது.

மறுநாள் துப்புரவு வேலை செய்யும் அம்மா வாளியோடு ஒரு காலை உள்ளே வைத்தார். லிஃப்ட் கிளம்பியது. கணுக்கால் முறிந்தது. கதவை அந்த அம்மாதான் நெம்பியிருக்கிறார் என்று கட்டடத்து மேனேஜர் சொல்லி, வேலையை விட்டும் நிறுத்திவிட்டார்.

சரிபார்க்கப் போனது நிதானம். பெட்டியைத் திறந்ததுமே, கத்தரித்த நாடா நுனியோடு அந்த வயர் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. உருவிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

கேட்டபோது மாப்பிள்ளை மறுக்கவில்லை. உட்கார்ந்து அழுதான். பிறகு, “இதோட விட்டுடுங்க மாமா” என்றான். மகளும் அதையே சொன்னாள். அவர் மனைவியோ, ஊருக்கெல்லாம் தொண்டை கிழிய ஜெபம் பண்ணுகிறவருக்குச் சொந்த மாப்பிள்ளையை மன்னிக்கத் தெரியவில்லையா என்று குத்திக் காட்டினாள். சபைப் போதகராவது வழி சொல்வார் என்று போனால், அவர் முதுகில் தட்டிக்கொடுத்து, ஆண்டவர் பார்த்துக்கொள்வார் என்று அனுப்பிவைத்தார். அன்பு என்றால், அழுக்கு மூட்டையின் மேல் விரிக்கிற போர்வை என்றே எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்களே என்று அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பழம் வாங்கிக்கொண்டு அந்த அம்மாவைப் பார்க்கப் போனார். கட்டுப்போட்ட காலைத் தலையணைமேல் வைத்திருந்த அவர், ஏதோ ரகசியம் போலச் சொன்னார்.

“நான் கதவத் தொடவே இல்லண்ணே. ஆனா எல்லாரும் சொல்லச் சொல்ல, தொட்டுட்டேனோன்னு எனக்கே சந்தேகமா இருக்கு.”

நிதானத்துக்கு உட்கார முடியவில்லை. நேரே மகள் வீட்டுக்குப் போனார்.

“மாப்ள, நாளைக்குக் காலைல ஆபீஸ் வாசல்ல நிப்பேன். நீங்களே வந்து சொல்லிடுங்க. நானும் கூட வர்றேன்.”

“இயேசு மன்னிக்கச் சொல்லலையாப்பா?” என்றாள் மகள்.

“மன்னிச்சாச்சும்மா. அவரு அழுதப்பவே மன்னிச்சாச்சு. மன்னிக்கிறது வேற, மறைக்கிறது வேற. தப்பு ஒண்ணும் பெருசில்லன்னா ஆண்டவர் எதுக்குச் சிலுவைக்குப் போனாரு? வேற வேலை இல்லாமயா?”

“ஆபீஸ்ல சொன்னீங்கன்னா இந்தப் பக்கம் வராதீங்க. பிள்ளையக் கையில தரமாட்டேன்.”

அந்த வார்த்தை நெஞ்சில் ஆணி அடித்த மாதிரி இறங்கியது. மாப்பிள்ளை தலையைத் தூக்கவே இல்லை.

காலையில் ஆபீஸ் வாசலில் நின்றார். போகிற வருகிற எல்லோரும் வணக்கம் சொன்னார்கள். மாப்பிள்ளை மட்டும் வரவில்லை. வெயில் ஏறியதும் உள்ளே போய் வயரை மேஜைமேல் வைத்தார். அந்த அம்மாமேல் குற்றமில்லை என்றார். யார் செய்தது என்றும் சொன்னார். தான் அதைப் பையில் போட்டு வைத்திருந்ததையும் சேர்த்தே சொல்லி, அதற்கும் திட்டு வாங்கினார். மாப்பிள்ளையை ஒரேயடியாக அனுப்பிவிட வேண்டாம், தன் கண் முன்னாலேயே வேலை செய்யட்டும் என்று வெட்கத்தை விட்டுக் கேட்டார். யோசிக்கலாம் என்றார்கள். அதுவரை அவனுக்கு வேலை கிடையாது. அந்த அம்மாவைத் திரும்ப எடுத்துக்கொள்ளச் சொல்லி, கட்டடத்துக்கு மட்டும் அப்போதே போன் போனது.

அங்கிருந்து மகள் வீட்டுக்குப் போனார். கதவு சாத்தியிருந்தது. உள்ளே பேரன் வீறிட்டு அழுதான். தட்டினார், கூப்பிட்டார். அழுகை நின்றது. கதவு திறக்கவில்லை.

“ஊர்ல உள்ள கதவெல்லாம் எனக்குத் திறக்கத் தெரியுது ஆண்டவரே. நீர் சொன்னபடிதானே செஞ்சேன்?” என்று முணுமுணுத்தார்.

செருப்பு ஸ்டாண்டின்மேல் மாப்பிள்ளையின் கருவிப் பை கிடந்தது. நிதானம் படியில் உட்கார்ந்தார். தன் பையிலிருந்து புது வயரையும் சிவப்பு நாடாவையும் எடுத்து, மாப்பிள்ளை பையின் காதில் முடிந்தார். எழுந்து இரண்டடி போனவர், திரும்பி வந்து முடிச்சை இன்னொரு தரம் இழுத்துப் பார்த்தார்.

“நாளைக்கும் வருவேன்” என்று சாத்திய கதவைப் பார்த்துக் கோபமாகவே சொல்லிவிட்டுப் போனார்.