மதியச் சாப்பாட்டில் மாறிய மந்திரிசபை

பொங்கல் கூட்டம் வடிந்த வாரத்தில் இரண்டு நாள் செட்டிநாட்டுக் கானாடுகாத்தான் போய்வந்தேன். பழைய வீடுகள்மேல் எனக்குப் பெரிய ஆசையெல்லாம் கிடையாது. ஆசைப்பட்டவன் டானியார், வெளிநாட்டில் படித்தபோது என் அறையில் இருந்தவன். இன்று மத்திய ஆசிய நாடு ஒன்றில் சுற்றுலா அமைச்சரின் உதவியாளர். எந்த நாடு என்று கேட்காதீர்கள், அவன் வேலை நிலைக்க வேண்டும். தன் ஊரில் பூட்டிக் கிடக்கும் பதினோரு பழைய வீடுகளை விருந்தினர் விடுதிகளாக்க மூன்று வருடமாக அலைகிறான். இங்கே எப்படிச் செய்தார்கள் என்று நேரில் பார்க்க வந்தான்.

மதுரை விமான நிலையத்தில் காலை 7.50க்குக் கார் ஏறினோம். மேலூர், திருப்பத்தூர், மானகிரி வழியாகச் சுமார் 110 கிலோமீட்டர். ஓட்டுநர் பாண்டி அண்ணன், இரண்டு நாளுக்கு டீசல் சேர்த்து 7,500 ரூபாய். இரண்டு இடத்தில் டீ குடித்தும் 10.40க்குப் போய்விட்டோம். டீக்கு நிறுத்தாவிட்டால் இன்னும் சீக்கிரம் போகலாம், ஆனால் எதற்கு?

நாங்கள் தங்கிய வீட்டை நடத்துபவர் அந்த வீட்டு மருமகளே. ஐம்பது வயதிருக்கும், எல்லாரும் ஆச்சி என்றுதான் கூப்பிடுகிறார்கள். பளிங்குத் தரையையும் தேக்குத் தூண்களையும் காட்ட அவர் தயாராக நின்றார். டானியாரோ சட்டைப் பையிலிருந்து அளவு டேப்பை எடுத்து, குளியலறைக் குழாயை எந்தச் சுவர் வழியாகக் கொண்டுபோனீர்கள் என்று கேட்டான். நான் தமிழில் சொன்னதும் ஆச்சி முகம் மலர்ந்துவிட்டது.

"வாரவுக எல்லாரும் தூணைக் கட்டிப்பிடிச்சுப் போட்டோ எடுக்குறாக. குழாயப் பத்திக் கேட்ட மொத ஆளு இவுகதான்" என்று அழைத்துப் போனார். இரண்டு மணி நேரம் குழாய், தொட்டி, ஓட்டுக்கூரை என்று சுற்றினார்கள். இருவருக்கும் பொது மொழி கிடையாது. பாதிக்குமேல் நான் தேவைப்படவே இல்லை.

1.15க்குச் சாப்பாடு, ஒருவருக்கு 650 ரூபாய். பாண்டி அண்ணனையும் ஆச்சி எங்களோடு உட்கார வைத்தார். கோழிக்குழம்பு இலையில் விழுந்த நேரம் டானியாரின் போன் சிணுங்கியது. அந்தத் தடித்த சுவர்களுக்குள் சிக்னல் வருவதே அபூர்வம், வந்தது இந்தச் செய்தியாக இருந்தது. அவர்கள் அதிபர் மந்திரிசபையை மாற்றிவிட்டார். ஐந்து அமைச்சர்கள், ஐந்து நாற்காலிகள். சுற்றுலா அமைச்சர் வேளாண்மைக்கு, வேளாண் அமைச்சர் சுற்றுலாவுக்கு, மற்ற மூவரும் தங்களுக்குள்.

"யாரும் வீட்டுக்குப் போகலையா?" என்றார் பாண்டி அண்ணன். "அதே ஆளுகதான்னா எதுக்கு சார் மாத்தணும்?"

எல்லாரும் அதிபரின் விசுவாசிகள், அதனால்தான் என்றான் டானியார். ஒரே நாற்காலியில் ரொம்ப நாள் இருந்தால் அவரவருக்கும் விசுவாசிகள் சேர்ந்துவிடுவார்களாம், அதற்குள் கிளப்பிவிட வேண்டுமாம். அமைச்சர் போகும்போது தன் உதவியாளரையும் கூட்டிப்போவது வழக்கம். வருகிறவர் தன் ஆளோடு வருவார். முதலில் வாழ்த்துச் சொல்கிறவனுக்குத்தான் இடம், வெளியூரில் இருப்பவனை மறந்துவிடுவார்கள். உடன் போனால் உருளைக்கிழங்கு விதை, போகாவிட்டால் வேலையே இல்லை. எப்படியும் அந்தப் பதினோரு வீடுகள் போய்விட்டன. அவன் கண் கலங்கிவிட்டது.

"அவுகளுக்குக் காரம் ஒத்துக்கலையா?" என்று ஆச்சி மோர் கொண்டுவந்தார்.

டானியார் எழுந்து மாடிக்கு ஓடினான். மொட்டை மாடியில் சிக்னல் உண்டு. "வாழ்த்துகள் ஐயா! நீங்கள் எங்கே போனாலும் நான் உங்கள் பக்கம்" என்று அனுப்பிவிட்டுக் கீழே வந்து, மனசில்லாமல் கவுனி அரிசி இனிப்பைச் சாப்பிட்டான். திடீரென்று அவன் கை நின்றது. போனைத் திரும்ப எடுத்துப் பார்த்தான்.

அவர்கள் அலுவலகத்தில் எண்களைப் பெயரில் பதிவதில்லை, பதவியில்தான் பதிவார்களாம். அவசரத்தில் 'வேளாண் அமைச்சர்' என்று தேடி அனுப்பியிருக்கிறான். அந்த எண் பழைய வேளாண் அமைச்சருடையது. அதாவது நாளை சுற்றுலாவுக்கு வரப்போகிறவர்! மறுபடி மாடிக்கு ஓடி அழிக்கப் பார்த்தான், அதற்குள் அவர் படித்துவிட்டதாக நீல டிக் விழுந்திருந்தது. தன் அமைச்சருக்குப் போன் போட்டால் எடுக்கவில்லை.

பிறகு ஊர் பார்த்தோம் என்று பேருக்குச் சொல்லலாம். பூட்டிய வீடுகளின் வரிசையில் அவன் போனையே பார்த்துக்கொண்டு நடந்தான். 4.20க்கு ஊருணிக் கரையில் காரில் ஏறும்போது பதில் வந்தது. மூன்று முறை படித்துவிட்டு எனக்கு ஆங்கிலத்தில் சொன்னான்.

"வாழ்த்திய முதல் ஆள் நீதான். என் உதவியாளன் காலையிலேயே வேறு அமைச்சரிடம் தாவிவிட்டான். எனக்கு விடுதிகளைப் பற்றி எதுவும் தெரியாது. நீ இருக்கும் இடத்திலேயே இரு, எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு வா."

டானியாரின் பழைய அமைச்சரும் ராத்திரிக்குள் பதில் போட்டார். அவர் தன் தங்கை மகனை எப்போதோ உதவியாளனாகச் சேர்த்துக்கொண்டாராம். ஒழுங்காக வாழ்த்தியிருந்தால் இவன் நடுத்தெருவில் நின்றிருப்பான்!

ஊருணிக் கரையில் வந்த அந்தப் பதிலை நான் தமிழில் சொல்லி முடிப்பதற்குள் பாண்டி அண்ணன் ஹாரனை நீளமாக அடித்தார். "எங்குட்டுப் போகணும் சார்? அமராவதிபுதூர் வரைக்கும்கூடப் போவோம், இன்னைக்கு எம்புட்டுத் தூரம்னாலும் ஓட்டுறேன்" என்றார். போனோம். வழியெல்லாம் டானியார் தன் மொழியில் பாடிக்கொண்டே வந்தான். காது கிழிந்தாலும் சந்தோஷமாக இருந்தது.

போகிறவர்களுக்கு: நவம்பர் முதல் பிப்ரவரி வரை நல்லது. அறை ஒரு இரவுக்கு 4,200 கொடுத்தோம். சாப்பாட்டை முதல் நாளே சொல்லிவிடுங்கள். பார்க்கத் திறந்திருக்கும் வீடுகளில் தலைக்கு ஐம்பது ரூபாய் வாங்குகிறார்கள். பூட்டிய வீட்டைத் தட்டாதீர்கள். போன் பேச மாடிக்குப் போங்கள், அனுப்புமுன் யாருக்கு என்று பாருங்கள்.

விமான நிலையத்தில் பிரியும்போது பாண்டி அண்ணனின் எண்ணை டானியார் பதிந்தான். 'ஓட்டுநர்' என்று அடித்தவன் அதை அழித்துவிட்டு, 'பாண்டி' என்று எழுதினான். என்னை எப்படிப் பதிந்திருக்கிறான் என்று எட்டிப் பார்த்தேன். 'அறைத்தோழன்' என்று இருந்தது. அந்தப் பதவியை நான் விட்டுப் பதினான்கு வருடம் ஆகிறது. மாற்றட்டுமா என்று கேட்டான். வேண்டாம் என்றேன்.