மேலே வந்த பம்பு

அரசாங்கம் சுரங்கத்துக்கு உதவாது என்று மேலாளரின் டிரைவர் சலூனில் சொன்னாராம். அங்கே முடி வெட்டப்போன மச்சினன் அதைப் பம்புக்காரரிடம் கொண்டுவந்து சேர்த்தான்.

"கைய விரிச்சிட்டாங்க மாமா. இனி யாருக்காகத் தண்ணி இறைக்கிறீங்க?"

நஷ்டத்தில் நின்றுபோன அந்தச் சுரங்கத்தில் அப்போது பம்பு மட்டும்தான் ஓடிக்கொண்டிருந்தது. அடித்தளத்தில் ஊறும் தண்ணீரை வெளியே தள்ளுவதே அவருடைய வாழ்நாள் வேலை. கல்யாண நாளன்றும் நடுவில் போய் அதைப் பார்த்துவிட்டு வந்தவர். "எனக்கு மூத்தவ கீழ இருக்கா" என்று மனைவி இன்னமும் குத்திக்காட்டுவாள். மூடப்போகிற இடத்தில் அதை மூழ்கவிட அவருக்கு மனம் வரவில்லை. அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்காமல், ஆட்களைக் கூட்டிக் கழற்றி மேலே ஏற்றினார். துடைத்துத் தார்ப்பாய் போர்த்திய பிறகுதான் அவருக்கு நிம்மதி வந்தது.

அடுத்த வாரம் செய்தியில் நிதியுதவியை அறிவித்தார்கள். அடித்தளம் வேலைக்குத் தயாராக இருந்தால்தான் பணம் வரும் என்றார்கள். அதற்குள் தண்ணீர் அங்கிருந்த வெட்டு இயந்திரங்களையெல்லாம் விழுங்கியிருந்தது.

"கேட்டதைத்தான் மாமா சொன்னேன்" என்றான் மச்சினன்.

"நீ சொன்னே. நான் விசாரிச்சிருக்கணும். ஊரு சோத்துலயே மண்ண அள்ளிப் போட்டுட்டேன்டா."

மேசைமேல் கைபேசி அடித்தது. திரையில் மேலாளரின் பெயர். பம்பைக் கழற்றிய விஷயம் அவருக்கு இன்னும் தெரியாது.

"எடுங்க," என்றாள் மனைவி. "உங்க வாயால சொல்லிடுங்க."

பம்புக்காரர் கையை நீட்டினார். பிறகு வேட்டியில் துடைத்துக்கொண்டார். அது அடித்துக்கொண்டே இருந்தது.